ஈரத்தோடு மடித்தது

செப்டம்பர் 2, திங்கள்

பாய்ஸியில் காலை ஐந்துக்குக் கிளம்பி இங்கே வந்து சேரப் பன்னிரண்டரை ஆயிற்று. கடைசி இருபத்தெட்டு மைல் மண்பாதை. எலும்பெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. இன்று நீண்ட விடுமுறையின் கடைசி நாள் என்பதால் எல்லோரும் முகாமைக் காலி செய்து மலையிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏறிப்போன ஒரே வண்டி என்னுடையது. எதிரே வந்தவர்கள் கையசைத்தார்கள், பாவம் பார்த்து அசைத்த மாதிரி இருந்தது.

அமெரிக்க வனத்துறையின் பொது முகாம் இது. பதினோரு இடங்கள், ஒரு கைப்பம்பு, இரண்டு குழிக்கழிப்பறை, அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, ஃபோனுக்கு சிக்னல் இல்லை. அதற்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

என் கூடார வண்டியைப் பற்றி எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது படித்தால் புரியட்டும். மடித்திருக்கும்போது இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி. டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். இரண்டு பக்கமும் படுக்கைகளை வெளியே இழுத்தால் சுற்றிலும் கித்தான் சுவர் விரியும். உள்ளே அடுப்பு, மேசை, அடியில் சாமான் வைக்கிற பலகை இருக்கைகள். பத்தொன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. மனைவி மரகதமும் மகள் தாரணியும் இதைப் 'பெட்டி' என்றுதான் சொல்வார்கள். கைப்பிடி இப்போது வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. போன வருடம் கூரையைத் தூக்கும் கம்பி அறுந்ததைப் புதிதாக மாற்றியாயிற்று. மாற்றியது யார் என்பது இங்கே தேவையில்லை.

பதிவுச் சீட்டில் 'எத்தனை பேர்' என்ற கட்டத்தில் 3 என்று எழுதிவிட்டேன். அடித்து 1 ஆக்கினேன். ஞாயிறு 15ஆம் தேதி முகாமைப் பனிக்காலத்துக்காக மூடுகிறார்கள் என்று பலகையில் போட்டிருக்கிறது. அதுவரை இருக்கப் போகிறேன். வீட்டில் அன்றைக்கு ஒரு விசேஷம். கூட்டமும் சத்தமுமாக இருக்கும். அறுபத்துமூன்று வயதில் எனக்கு அமைதி வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். கை அளவு பழகிப்போய் மூன்று பேருக்கு ஆகிவிட்டது. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அதுவே.

செப்டம்பர் 4, புதன்

மேற்கே ஒன்றரை மைலில் ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில் ஃபோனில் ஒற்றைக் கோடு சிக்னல் கிடைக்கிறது என்று தகவல் பலகையில் யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள். வானிலை பார்ப்பதற்காக ஏறினேன். வானிலை நன்றாக இருக்கிறது, பத்து நாளைக்கு மழை இல்லை. வந்திருந்த செய்திகள் இரண்டு. பல் டாக்டர் ஆபீஸ் ஒன்று, மருந்துக்கடை ஒன்று.

இறங்கி வந்து வண்டியின் சக்கரத்தில் காற்றுப் பார்த்தேன். சரியாக இருந்தது. மாலையில் மறுபடியும் பார்த்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

இங்கே லொரெய்ன் என்று ஓர் அம்மாள் இருக்கிறாள். முகாமைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர். எழுபது வயதிருக்கும். முதலாம் எண் இடத்தில் வெள்ளை வண்டியில் குடியிருக்கிறாள். சின்ன வண்டியில் சுற்றிவந்து கழிப்பறையைக் கழுவுகிறாள், அடுப்புச் சாம்பலை அள்ளுகிறாள். இன்று என் இடத்தில் நின்று பேச்சுக் கொடுத்தாள். சீட்டில் 3 அடித்து 1 ஆகியிருக்கிறதே, மற்ற இருவரும் எப்போது வருகிறார்கள் என்று கேட்டாள். மனைவியும் மகளும் அடுத்த வாரம் வருவார்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

மகள் என்ன செய்கிறாள் என்றாள். எலும்பு மருத்துவம் படித்திருக்கிறாள் என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றாள். ஆகப்போகிறது என்று சொல்லி, அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

வானிலை பார்க்கப் போனேன். அதே வானிலை. ஃபோனில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 7, சனி

வந்ததிலிருந்து பேசியது அந்த லொரெய்னிடம் மட்டும்தான். இன்று அவளும் இந்தப் பக்கம் வரவில்லை. காலையில் ஒரு முறை என் குரல் இருக்கிறதா என்று பார்க்க, "அட, பத்து மணி ஆயிடுச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். கோடு போட்ட அணில் ஒன்று மேசையிலிருந்து குதித்து ஓடியது.

சுற்றி வளைத்து எழுதுவானேன். விசேஷம் என்றால் கல்யாணம். என் மகளுக்கு. ஞாயிறு 15, காலை ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம், ஆவணி முடிவதற்குள். பையன் பெயர் ஜோயல். பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லித் தருகிறவன். ஏற்கெனவே கல்யாணம் ஆகி மணவிலக்கு வாங்கியவன், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என் மகளுக்கு முப்பத்தொரு வயது, டாக்டர். அவளுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்றுதான் கேட்டேன். எந்த அப்பனும் கேட்பான்.

கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். ஜூன் மாதம் சாப்பாட்டு மேசையில், "நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு நடத்துங்க" என்றேன். ஒரு வேகத்தில் வந்த வார்த்தை. அழுவாள், சண்டை போடுவாள், அப்படி எல்லாம் பேசாதீங்கப்பா என்பாள் என்று எதிர்பார்த்தேன். தாரணி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்து, கிண்ணத்தை வைத்துவிட்டு, "சரிங்கப்பா" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் என்னைக் கல்யாணத்துக்கு 'வாங்க' என்று கூப்பிடவில்லை. பத்திரிகை அடித்தார்கள், மண்டபம் பார்த்தார்கள். பத்திரிகையில் என் பெயர் இருக்கிறது. சென்னியப்பன், மரகதம் தம்பதியரின் மகள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஆகஸ்டில் நானே சொன்னேன், அன்றைக்கு நான் ஊரில் இருக்க மாட்டேன், பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டாம் தேதி போகிறேன் என்று. மரகதம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "பாத்துப் போங்க" என்றாள். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்கிற பேச்சா இது?

செப்டம்பர் 8, ஞாயிறு

சரியாக ஒரு வாரம் இருக்கிறது.

வெயிலில் கித்தானைத் துடைத்தேன். கூடார வண்டி வைத்திருக்கிறவனுக்கு முதல் சட்டம், ஈரத்தோடு மடிக்கக் கூடாது. மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு முறைகூட ஈரத்தோடு மடித்ததில்லை. தாரணி ஒரு முறை மடித்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. மழை வருகிறது, சீக்கிரம் என்று அவளை விரட்டியது நான்தான். பின்பக்கம் ஈரமாக இருந்ததை அவள் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துத் திறந்தால் அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு.

நீயே தேய் என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து தேய்த்தாள். மரகதம் உதவிக்குப் போனதையும் தடுத்துவிட்டேன், பொறுப்பு வரட்டும் என்று. விரல் தோலெல்லாம் உரிந்துவிட்டது. பூஞ்சை போயிற்று, கூடவே தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசியிருந்த பூச்சும் போயிற்று. அதற்கப்புறம் அந்த இடத்தில் மழை ஒழுகும். பொறுப்பு நன்றாகவே வந்தது. யாரிடமும் எதற்கும் உதவி கேட்க மாட்டாள்.

அந்தப் பக்கப் பலகைதான் அவள் உட்காருகிற இடம். நான் அங்கே உட்காருவதில்லை. இந்தப் பக்கம் வசதியாக இருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

லொரெய்ன் கைப்பம்பைப் பூட்டிவிட்டாள். நாளைக் காலை அவளும் கீழே போகிறாள். ஞாயிறு காலை வந்து பாதையின் கதவைப் பூட்டினால் பிறகு மே மாதம்தான். எனக்கு நான்கு கேன் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னாள். வெள்ளிக்கிழமை மேற்கிலிருந்து மழை வரலாம் என்று வானொலியில் சொல்கிறார்களாம். இந்தப் பாதை களிமண். நாலு மணி நேரம் நனைந்தால் சக்கரம் நிற்காமல் வழுக்கும், இழுவை வண்டிக்காரனும் வர மாட்டான், காய மூன்று நாள் ஆகும். வியாழக்கிழமையே இறங்கிவிடு என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். உன் ஆட்கள் வரவே இல்லையே என்றாள். அவர்களுக்கு வேலை வந்துவிட்டது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன்னிடம் இருந்த ஒரு பெரிய தக்காளியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 11, புதன்

பதினோரு இடத்திலும் நான் ஒருத்தன். குன்றேறி வானிலை பார்த்தேன். வெள்ளி மதியத்திலிருந்து மழை என்றுதான் அதிலும் இருக்கிறது. ஃபோனில் அழைப்பு ஏதும் இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், சில சமயம் தாமதமாக வரும் என்பதால்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. காலையில் தக்காளி ரசம் வைத்தேன். துணி துவைத்தேன். மேற்கே பஞ்சு மாதிரி நாலு மேகம் வந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை பெய்து பாதை அடைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வரலாம் என்றுதான் இருந்தேன், மழை விடவில்லை என்று சொன்னால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாருக்கும் தலைகுனிவு இல்லை. இப்படி எழுதியதைத் திரும்பப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அடிக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி இதை எழுதுகிறேன். மணி ஏழரை.

பன்னிரண்டு மணிக்குத் தூறல் பிடித்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வேலை முடிந்தது என்று. காபி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணிக்குப் பின்பக்கம் ஒழுக ஆரம்பித்தது, தாரணி தேய்த்த அதே இடத்தில். தண்ணீர் கித்தானில் வழிந்து பலகை மெத்தையில் இறங்கியது. மெத்தையை எடுத்து நிமிர்த்தினேன். பலகைக்கு அடியில் தண்ணீர் போயிருக்குமோ என்று தூக்கிப் பார்த்தேன். அங்கே பழைய போர்வை இரண்டு இருக்க வேண்டும். போர்வைகளைக் காணோம். மரகதத்தின் நீலத் துணிப்பை இருந்தது.

மேலே ஒரு பட்டு வேட்டி, சட்டை. புதிது. என் அளவு, சட்டைக் கழுத்தில் என் பெயர் எழுதிய துணித்துண்டுகூட இருந்தது. அதற்கடியில் மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓர் அட்டைப்பெட்டி. பிரித்தால் கூறைச்சேலை. மாப்பிள்ளை வீட்டில் எடுக்க வேண்டியது. அவர்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் தெரியாது என்று மரகதமே கோயமுத்தூர் போய் எடுத்துவந்த சேலை. தாலி கட்டும்போது பெண் உடுத்தியிருக்க வேண்டிய சேலை. நாளை மறுநாள் காலை ஒன்பதுக்கு. அது இங்கே, மலை மேலே, மழையில், என் மடியில்.

முதலில் ஆத்திரம் வந்தது. வீட்டில் இடமில்லை என்று பெட்டியில் வைத்து மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. விருந்தாளி போனதும் கரண்டியை எண்ணிப் பார்க்கிறவள் மரகதம். பன்னிரண்டு நாளாகக் கூறைச்சேலையைக் காணாமல் அவள் சும்மா இருப்பாளா? போர்வையை எடுத்துவிட்டு, என் வேட்டியை மேலே வைத்து, மூன்று கவர் போட்டு மறந்து போவாளா?

ஐயோ என்று வாய்விட்டுக் கத்தினேன். கேட்க ஆள் இல்லை.

மணி ஒன்றரை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. கூடாரத்தை அப்படியே விரித்து விட்டுப் போனால் காற்று கிழித்துவிடும். மடித்து வைத்துவிட்டுப் போகலாம் என்றால் ஞாயிறு கதவைப் பூட்டிவிடுவார்கள், பனிக்காலம் முழுக்க இங்கே கிடந்து கூரை நொறுங்கும். எப்படியும் மடித்தாக வேண்டும். கித்தான் ஊறிப்போய்த் தொப்பலாக இருந்தது. காய விட நேரம் இல்லை. படுக்கைகளை உள்ளே தள்ளினேன், ஈரக் கித்தானை அள்ளி உள்ளே திணித்தேன், கைப்பிடியைச் சுற்றிக் கூரையை இறக்கினேன். பத்தொன்பது வருடச் சட்டம் பத்து நிமிடத்தில் போயிற்று. கம்பி ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. ஜோயல் போட்ட கம்பி. இதையும் எழுதி வைக்கிறேன். போன வருடம் நாள் முழுக்கக் குனிந்து நின்று மாற்றினான், நான் அவனுக்கு ஒரு காபி கொடுக்கவில்லை.

சேலையை டிரக்கில் என் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன்.

இருபத்தெட்டு மைலுக்கு நாலரை மணி நேரம். பதினாறாவது மைலில் பெட்டி பக்கவாட்டில் வழுக்கி டிரக்கையும் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்து விளிம்பில் நின்றது. இறங்கிப் பார்த்தேன். சக்கரத்தில் களிமண் அரை அடிக்கு அப்பியிருந்தது. கையாலும் கரண்டியாலும் சுரண்டினேன். சமன் பார்க்கிற மரக்கட்டைகளைச் சக்கரத்தடியில் கொடுத்து ஏற்றினேன். நாலு முறை. முருகா, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அழுதேன் என்றும் எழுதலாம், யார் பார்த்தார்கள்.

தார்ச்சாலையில் ஏறியதும் ஃபோனில் சிக்னல் வந்தது. மரகதத்தைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மரகதம், கூறைச்சேலை இங்க பெட்டியில இருக்குது."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த?"

"உங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு நம்ம அம்மிணி சொல்லிட்டா. அவ அப்பா அவராத்தான் வரோணுமாம். சரின்னுட்டேன். சேலையை எங்க வெக்கோணும்னு அவ ஒண்ணும் சொல்லலீங்களே."

அவளே தொடர்ந்தாள். "மொத நாளே பாப்பீங்கன்னு நெனச்சேன். பன்னெண்டு நாளா அந்தப் பக்கம் உக்காரவே இல்லீங்களா?"

"இல்ல."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் வராமப் போயிருந்தா?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீங்க வரலீன்னா, அம்மிணிகிட்ட நாஞ் செஞ்ச வேலையைச் சொல்லலாம்னு இருந்தேன். தெனமும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்." அப்புறம், "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

செப்டம்பர் 14, சனி

நேற்று டிரக்கிலேயே படுத்தேன். மதியம் வீடு வந்தேன். வாசலில் எட்டு ஜோடி செருப்பு. மரகதம் பையை வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, கை கால் கழுவிட்டு வாங்க என்றாள். நான் வெளியே பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

தாரணி வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி, காயாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈரத்தோட மடிச்சுட்டீங்களாப்பா?"

"ஆமா அம்மிணி."

"நீங்களா?"

"நேரமில்ல" என்றேன். அப்புறம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு மேசையில சொன்னது தப்பு. எம்மேலதான் தப்பு. நாளைக்கு நான் வரலாமா?"

அவள் உதடு கோணியது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை, மருதாணி. என் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சட்டை முழுக்கக் களிமண்.

ஜோயலைக் கூப்பிட்டாள். அவன் வந்து ஒன்றும் கேட்காமல் கைப்பிடியைச் சுற்றிக் கூரையை ஏற்றினான். காற்றாட விட்டோம். நானே போய் அவனுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தேன். சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மணவறையில் தாரை வார்த்தேன். நகக்கண்ணில் களிமண் போகவில்லை, பரவாயில்லை என்றாள் மரகதம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பெட்டியைத் திறந்தேன். எதிர்பார்த்ததுதான். ஒரு நாள் வெயில் போதவில்லை, பின்பக்கம் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கிறது. வாளியில் வினிகர் தண்ணீர் கலந்து முற்றத்தில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். தாரணியும் ஜோயலும் குழந்தையோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து அவள் மட்டும் வெளியே வந்தாள். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு பிரஷ்ஷை எடுத்து அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதில் இரண்டு நாள் எடுத்த வேலை. இரண்டு பேராகத் தேய்த்ததில் நாலு மணிக்குள் முடிந்துவிட்டது.